இரண்டாயிரத்து நாற்பதுக்கு ஒரு விடுதி

நாடாவின் பூஜ்ய முனையைக் கட்டைவிரலால் எல்லைக்கல்லோடு சேர்த்து அழுத்திக்கொண்டு தெய்வசிகாமணி குந்தவைத்து உட்கார்ந்திருந்தார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு முப்பது மீட்டர் கிழக்கே நின்ற சுகந்தாமணி என்னவோ சொன்னாள், ஆனி மாதக் காற்று அதை அவள் வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. உடுமலைப் பக்கம் இந்த மாதத்தில் மேற்கே நிற்பவர் சொல்வது கிழக்கே கேட்கும், கிழக்கே நிற்பவர் சொல்வது மேற்கே வராது, ஊருக்கே தெரிந்த சங்கதி. தெரிந்திருந்தும் அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். அவள் சுபாவம் அப்படி. இருபத்தாறு வருசமாக இந்தக் கல்லூரிக்கு எஸ்டேட் ஆபீசராக இருக்கிறார் அவர், அதில் பதினாலு வருசமாக அவருடைய பிரிவில் கிளார்க்காக இருக்கிறாள் இவள், நாளை வெள்ளிக்கிழமையோடு வேலையை விட்டு நின்று புருசன் மாற்றலாகிப் போன சேலத்துக்குப் போகிறாள். வரும் சித்திரையோடு இவருக்கும் ஓய்வு. ஆக, இரண்டாயிரத்து நாற்பதாம் வருசம் இந்த வளாகம் எப்படி இருக்க வேண்டும் என்று முப்பத்தெட்டுப் பக்கத்துக்குத் திட்டம் எழுதியிருக்கிற இரண்டு பேருமே நாற்பதில் இங்கே இருக்கப் போவதில்லை, நல்ல வேடிக்கை. எங்கே வகுப்பறை, எங்கே தண்ணீர்த்தொட்டி, பஸ் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், மழைத்தண்ணீர் எந்தச் சரிவில் ஓடி எந்தக் குட்டையில் விழ வேண்டும், எல்லாம் எழுதி முடித்தாகிவிட்டது. முப்பத்தோராம் பக்கத்தில் ஒரே ஓர் இடம் மட்டும் காலி. கிழக்கு மனை, புதிய விடுதி, முந்நூறு பேருக்கு. மாணவர்களுக்கா, மாணவிகளுக்கா? பன்னிரண்டு மணிக்கு செகரட்டரி மேசையில் ஃபைல் இருக்க வேண்டும், இப்போது மணி பத்தே முக்கால்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எவரும் கேட்பார்கள். இரண்டாயிரத்து அறுநூறு பேர் படிக்கிற கல்லூரியில் ஆயிரத்து எழுநூறு பேர் பெண் பிள்ளைகள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட விரலை மடக்கிச் சொல்லிவிடும். ஆனால் பையன்களுக்குத்தான் இப்போது இருக்கிற விடுதி ஒழுகுகிறது, செகரட்டரிக்கு ரெண்டும் சம்மதம், 'நீங்களே பாத்து எழுதுங்க, உங்க வாக்குத்தான்' என்று சொல்லிவிட்டார், அவர் வாக்கு என்று சொன்ன இடத்தில்தான் பேனா நின்றுவிட்டது. மற்ற ஆபீசர்கள் போல இருக்கிற கணக்கைப் பத்து சதவீதம் கூட்டிப்போட்டுத் திட்டம் எழுதுகிற ஆள் இல்லை அவர். தாலுகாவில் இருக்கிற தொடக்கப்பள்ளி ஒவ்வொன்றுக்கும் மொபெட்டில் போய், வகுப்பு வாரியாகத் தலையை எண்ணி வாங்கிக்கொண்டு வருவார், இன்றைக்கு மூன்றாம் வகுப்பில் இருக்கிற பிள்ளை எந்த வருசம் நம் வாசலுக்கு வரும், அதில் எத்தனை பேர் கோயமுத்தூர் போய்விடும், எத்தனை பேர் கல்யாணத்துக்குப் போய்விடும் என்று கட்டம் போட்டுப் பார்ப்பார். நாலாயிரத்துச் சொச்சம் தலைகள் அந்தக் கட்டத்தில் இருக்கின்றன, பள்ளிக்கூடத்து வராந்தாவில் செருப்பை வரிசையாகக் கழற்றிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இவரைப் புது இன்ஸ்பெக்டர் என்று நினைத்து எழுந்து நின்று வணக்கம் சொன்ன தலைகள். ஒரு தலை மட்டும் அந்தக் கட்டத்தில் இல்லை. அது வேறு தாலுகாவில் எங்கேயோ இருக்கிறது. மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் சுகந்தாமணி ஆபீசுக்குள் வந்து குடையை மடக்காமலே, "சார், நேத்து திருப்பூர்ல நம்ம வாணிப் பாப்பாவப் பாத்தனுங்க. செருப்புக் கடையில. கொழந்தைக்கு ஸ்கூல் ஷூ வாங்கறதுக்கு..." என்று ஆரம்பித்தாள். "வேலையப் பாரும்மா" என்றார் இவர். அவ்வளவுதான். அவள் குடையை மடக்கிவிட்டு வேலையைப் பார்த்தாள். இன்னும் ஒரு சொல், ஒரே ஒரு சொல் அவளைப் பேச விட்டிருந்தால் போதும், 'பையனக் கூட்டிட்டு வந்திருந்துச்சு' என்றோ 'பொம்பளப் புள்ளையக் கூட்டிட்டு வந்திருந்துச்சு' என்றோ முடித்திருப்பாள். நாக்கில் சனி. அன்றிலிருந்து ஸ்கூல் ஷூ மட்டும் அவரிடம் இருக்கிறது, கறுப்பா வெள்ளையா என்றுகூடத் தெரியாத ஷூ. ஷூ என்றால் யூகேஜிக்குக் கீழே இருக்காது, மகள் வாணி வீட்டை விட்டுப் போனது பதினோரு வருசத்துக்கு முந்தி, அப்படியானால் அஞ்சாம் வகுப்புக்கு மேலேயும் இருக்காது. எட்டு வருசத்தில் கல்லூரிக்கு வரலாம், பதிமூன்று வருசத்திலும் வரலாம். எப்படிப் பார்த்தாலும் நாற்பதுக்குள் வந்துவிடும், திட்டத்துக்கு உள்ளேதான்.

"சார், நாடா வளையுதுங்க" என்று இந்த முறை கையைக் குவித்துக் கத்தினாள் சுகந்தாமணி, அது மட்டும் எப்படியோ வந்து சேர்ந்தது. நாடா காற்றில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு உறுமியது. "இழுத்துப் புடி, விட்டா அரை அடி தப்பாக் காட்டும்" என்றார். அவள் இழுத்தாள். மனையில் முன்பு தென்னந்தோப்பு இருந்தது, வெட்டிய அடிக்கட்டைகள் இன்னும் மண்ணில் வட்டம் வட்டமாக இருந்தன, அவற்றைத் தாண்டித் தாண்டி அவள் முனையை நகர்த்திக்கொண்டு போனாள். முப்பதில் ஒரு குறி, அதற்கப்புறம் பதினெட்டு. நாற்பத்தெட்டு மீட்டர் நீளம், மூன்று மாடி, மாடிக்கு இருபத்தைந்து அறை, அறைக்கு நாலு பேர். நாலு பேரில் ஒரு கட்டில் ஜன்னலை ஒட்டி வரும், காற்று வருகிற ஜன்னல், அந்தக் கட்டில். ஆபீசில் தனியாக இருக்கும்போது வரைபடத்தில் அந்தக் கட்டிலைப் பென்சிலால் லேசாகத் தொட்டுப் பார்த்திருக்கிறார். வீட்டிலிருந்து முதல்முதலாக வந்து தங்குகிற பிள்ளை எதைத் தேடும்? ராத்திரி எழுந்தால் லைட் போடச் சுவிட்சைத் தேடும், ஆகவே சுவிட்ச் கட்டில் தலைமாட்டில் இருக்க வேண்டும், ஒரு சுவிட்ச் கதவோரம், ஒன்று தலைமாட்டில், எதில் வேண்டுமானாலும் போட்டு எதில் வேண்டுமானாலும் அணைக்கலாம். அதை எழுதும்போதே, இது யார் சொல்லிக் கொடுத்தது என்று நினைவு வந்து பேனாவை மூடிவைத்தார். சொல்லிக் கொடுத்தவன் அவன்தான், வாணியைக் கூட்டிக்கொண்டு போனவன். சயன்ஸ் பிளாக் கட்டும்போது வயரிங் வேலைக்கு வந்தவன். காண்ட்ராக்டர் ஆறு பேரை அனுப்பினான், அஞ்சு பேர் சுவரைக் கண்டபடி வெட்டினார்கள், அவன் மட்டும் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்து வெட்டினான். 'இவன் ஒருத்தன் போதும், மத்தவனுகளத் திருப்பி அனுப்பு' என்று சொன்னது யார்? இவரேதான். வேலை முடிந்ததும் 'பராமரிப்புக்கு ஒரு ஆள் வேணும்' என்று செகரட்டரியிடம் நின்று பேசி அவனை நிரந்தரமாக வைத்துக்கொண்டது யார்? மதியம் வீட்டிலிருந்து சாப்பாட்டுக் கேரியரை எம்.எஸ்ஸி படிக்கிற மகள் கையில் கொடுத்துவிடச் சொல்லி, அவள் வரும் நேரம் பார்த்து அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து மீட்டர் பெட்டி விவரம் கேட்டுக்கொண்டிருந்தது யார்? சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதை இவர் அளவுக்கு முறையாக, அளவெடுத்து வைத்துக்கொண்டவர் கிடையாது.

சாதி வேறு. அதைச் சொல்லிவிட்டால் எல்லாம் சொன்னதாகிவிடும் என்று அந்த நாளில் எல்லோரும் நினைத்தார்கள், அவரும்தான். ஒரு புதன்கிழமை இரண்டு பேரும் வேலைக்கும் வகுப்புக்கும் வரவில்லை. வியாழக்கிழமை காலையில் அவர் கேட்டுக்குப் போய், மேற்படி நபரை வளாகத்துக்குள் அனுமதிக்க வேண்டாம் என்று கல்லூரி லெட்டர் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வாட்ச்மேனிடம் கொடுத்தார். எதற்காக எழுதினார் என்பதுதான் இன்றைக்கு வரைக்கும் பிடிபடவில்லை. அன்று சாயங்காலம் மச்சினன் இரண்டு காரில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். "மாமா, அவன் மறுபடியும் காலேஜுக்கு சம்பளம் வாங்க வருவான், அங்கயே வெச்சுக்கலாம்" என்றான். "வரமாட்டான், கேட்டுல சொல்லியாச்சு" என்றார் இவர். "அட்ரஸ் இருக்குமில்ல, வேலைக்குச் சேந்தப்பக் குடுத்தது?" "காண்ட்ராக்ட் ஆளுக்கு ஏதுடா அட்ரஸ்?" இருந்தது. திருப்பூர் மங்கலம் ரோட்டில் அவனுடைய அக்கா வீட்டு விலாசம், அவன் கையெழுத்திலேயே. மத்தியானமே அதை எடுத்துக் கழிவுநீர்த் தொட்டி ஃபைலுக்குள் செருகியிருந்தார், உலகத்தில் ஒருவரும் பிரித்துப் பார்க்காத ஃபைல் அது ஒன்றுதான். கார்கள் மூன்று நாள் சுற்றிவிட்டுப் போய்விட்டன. ஆக, அவனைக் காப்பாற்றத்தான் கேட்டில் அப்படி எழுதினேன் என்று ஒரு மனது சொல்லும். அப்படி இல்லையப்பா, முகத்தில் முழிக்கக் கூடாது என்றுதான் எழுதினாய், கார் வருவது அப்புறம்தானே தெரியும் என்று இன்னொன்று சொல்லும். கார் வரும் என்று தெரியாதா என்ன, நம்ம ஆட்களை எனக்குத் தெரியாதா என்று முதலாவது மல்லுக்கு நிற்கும். அப்படியானால் பத்து வருசம் கழித்து, மச்சினனே சர்க்கரை வியாதியில் கால் விரலை எடுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்த பிறகும் அந்தக் கடிதத்தை ஏன் திரும்ப வாங்கவில்லை? இந்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு முறையும் முதலாவது எழுந்து வேறு வேலையைப் பார்க்கப் போய்விடும். வாணிக்குக் கேட்டுக் கடிதம் தெரியும், யாரோ சொல்லியிருப்பார்கள், அவளுக்குத் தெரியாதது அந்த விலாசத்தை அவர் என்ன செய்தார் என்பது. தெரிந்தால்தான் என்ன? ஒரு நாள் பொய் சொன்னதற்குப் பதினோரு வருசம் பேசாததைக் கழித்துக்கொள்வாளா?

வீட்டில் கேட்கலாம். மனைவி ருக்குமணிக்குத் தெரியும். தெரியாமல் இருக்க வழியே இல்லை, மாதம் தவறாமல் தங்கச்சி வீடு என்று திருப்பூருக்குப் பஸ் ஏறுகிறாள், போகும்போது முறுக்குச் சட்டி முழுக்க முறுக்கு சுட்டுக்கொண்டு போகிறாள், தங்கச்சிக்குப் பல்லே கிடையாது. அவரும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. அவள் திரும்பி வந்த ராத்திரிகளில் பை கொக்கியில் தொங்கும், அதைப் பார்க்காத மாதிரி இரண்டு முறை கடந்து போவார், மூன்றாவது முறை கை உள்ளே போய்விடும். ஒரு தடவை ஒரு சாக்லேட் தாள் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பையனும் தின்பான், பெண்ணும் தின்னும், அதில் என்ன தெரியும்? இன்னொரு தடவை உடைந்த கிரேயான் துண்டு, பச்சை நிறம். ஒரு ரிப்பன் இருக்கக் கூடாதா, ஒரு கோலிக்குண்டு இருக்கக் கூடாதா? நேரே கேட்டுவிட்டால் ஒரே நிமிசம், அவள் சொல்லிவிடுவாள், சொல்லிவிட்டு நிறுத்த மாட்டாளே. பதினோரு வருசத்தையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லுவாள், பிரசவத்துக்கு யார் பக்கத்தில் இருந்தார்கள், பேர் வைத்த அன்றைக்குத் தாய்வீட்டுச் சீர் இல்லாமல் அவள் எப்படி உட்கார்ந்திருந்தாள், காய்ச்சல் வந்தபோது யாருக்கு போன் போட்டாள், எல்லாம் வரும். அவ்வளவையும் நின்று கேட்கிற தெம்பு அவருக்கு இல்லை, அதுதான் உண்மை. மானம் என்று வெளியே சொல்லிக்கொள்வது, உள்ளே பார்த்தால் பயம். ஒரு சின்ன விவரம் மட்டும் வேண்டும், பில் இல்லாமல் ஒரு சாமான் வாங்குகிற மாதிரி.

பையன் என்றால் எப்படி இருப்பான்? விடுதிக்கு முன்னால் வண்டி நிறுத்த இடம் கேட்பான், மொட்டைமாடியில் பந்து விளையாடிப் பக்கத்து ஓட்டுக்கூரையை உடைப்பான், அதற்குக் கைப்பிடிச் சுவரை இன்னும் ஒரு அடி தூக்க வேண்டும். பெண் என்றால் துணி காயப்போட மறைவான முற்றம் வேண்டும், மாதத்தில் மூன்று நாள் சுடுதண்ணீர் தடையில்லாமல் வர வேண்டும், போன் பேசுகிறதுக்குத் தனியாக ஒரு படிக்கட்டு மூலை வேண்டும், வாணி அப்படித்தான், படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டுதான் யாரோடும் பேசுவாள், அவள் யாரோடு அவ்வளவு நேரம் பேசினாள் என்று அன்றைக்கு இவர் கேட்டிருந்தால்... கேட்டிருந்தால் என்ன, முன்னமே எழுதியிருப்பார், கேட்டில். பெண்ணாக இருந்து, இங்கே வந்து படித்து, அதுவும் ஒரு நாள் ஒருவனோடு பேசினால்? அன்றைக்கு இந்த நாற்காலியில் இருக்கிற ஆபீசர் எவனோ, அவன் எதை எந்தத் தாளில் எழுதுவான்? காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது, கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் அட்மிஷன் வரிசை நின்றது, சித்திரை வெயில், வேப்பமரத்தடியில் பெற்றவர்கள், வரிசையில் ஒரு பிள்ளை விண்ணப்பத்தை விசிறியாக்கிக்கொண்டு நிற்கிறது. முகம் இருக்கிறது. வாணியின் முகம்தான், அதே நெற்றி, அதே சின்னக் காது, தலைக்குக் கீழே மட்டும் ஒன்றும் தெளியவில்லை, சட்டையும் சுடிதாரும் மாறி மாறி வருகிறது. தாத்தா என்கிற கிழவனுக்கு அன்றைக்கு அறுபத்தேழோ எழுபத்திரண்டோ, கேட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பான், வரிசை நகர்வதைப் பார்த்துக்கொண்டு, யாரைப் பார்க்கிறோம் என்று தெரியாமலே. அதுதான் பெரிய பயம். சாவதுகூட இல்லை. அந்தப் பிள்ளை பக்கத்தில் நடந்து போகும்போது 'யாரோ ஒரு பிள்ளை' என்று கால் மடக்கி வழி விட்டுவிடுவோமே என்பது. நாலாயிரம் தலையை எண்ணத் தெரிந்தவனுக்குத் தன் ஒரு தலை தெரியாது. ஆசையாக இருந்தது அவருக்கு. வெட்கமில்லாமல் ஆசையாக இருந்தது, ஒரு ஷூ வாங்கித் தர, பெரிதாக ஒன்றும் வேண்டாம், கடையில் முட்டி போட்டு உட்கார்ந்து கட்டைவிரல் இடிக்கிறதா என்று அழுத்திப் பார்க்க.

மணி பதினொன்று இருபது. "அவ்வளவுதானுங்களே சார்? சுத்திரலாங்களா?" என்பது போலச் சுகந்தாமணி கையால் வளையம் போட்டுக் காட்டினாள். அவர் தலையாட்டினார். நாடாவின் பெட்டி அவள் கையில் இருந்தது, அவள் பிடியைச் சுற்றிக்கொண்டே வந்தாள், முனையை விடாமல் அவரும் எழுந்து அவள் பக்கமாக நடந்தார், முட்டி மடக்மடக்கென்றது. விட்டுவிட்டால் நாடா தானாக மண்ணில் இழுபட்டுப் போய்ச் சேர்ந்துவிடும், வழக்கமாக அப்படித்தான் விட்டுவிடுவார், இன்றைக்கு ஏனோ விடவில்லை. இருபது மீட்டர். நாளைக்கு இவளுக்குக் கேன்டீனில் ஒரு டீ பார்ட்டி, சால்வை, குத்துவிளக்கு, இவரும் நாலு வார்த்தை பேச வேண்டும். நாளை மறுநாள் இவள் சேலத்தில் இருப்பாள், அந்தக் கடையில் பார்த்தது இவளோடு போய்விடும், இவள் ஒருத்திதான் எதையும் சேர்த்துச் சொல்லாமல் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லக்கூடியவள். பத்து மீட்டர். ஒரு கிளார்க்கிடம் போய், அதுவும் வாயை அடைத்தவளிடமே போய்? எப்படி ஆரம்பிப்பது, 'அன்றைக்கு நீ சொன்னாயே' என்றா? அன்றைக்கு அவளைச் சொல்லத்தான் விடவில்லையே. திட்டத்துக்குத் தேவைப்படுகிறது என்று சொல்லலாமா? சிரிப்பாள். சிரிக்க மாட்டாள், அவள் அப்படி இல்லை, அதுதான் இன்னும் கஷ்டம்.

நாடா முழுக்க உள்ளே போனது. அவள் ஃபைலை அக்குளிலிருந்து எடுத்து, காற்றுக்கு முதுகைக் காட்டி, முப்பத்தோராம் பக்கத்தைப் பிரித்துப் பேனாவைத் திறந்தாள். "என்னங்க சார் போடட்டும்? பொம்பளப் புள்ளைகளுக்குன்னே போட்டுரட்டுங்களா? அதானுங்க நாயம்."

"போடலாம்" என்றார். "சுகந்தாமணி."

"சொல்லுங்க சார்."

"மாசி மாசம் திருப்பூர்ல, செருப்புக் கடையில பாத்தன்னு சொன்னியே."

அவள் எதைப் பற்றி என்று கேட்கவில்லை. பேனாவை மட்டும் மூடினாள். "ஆமாங்க சார்."

"பையனா, புள்ளையா?"

"புள்ளைங்க சார்" என்றாள். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள், இன்னும் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினாள். அவர் வேலையைப் பார் என்று சொல்லவில்லை. "மூணாவது படிக்குதுங்களாம். கடைக்காரன் மூணு ஷூ எடுத்துப் போட்டான், மூணையும் வேண்டாம்னுட்டு அதுவே ஏணியில ஏறி நாலாவத எடுத்துருச்சுங்க. துடியான புள்ளை. ஆனா ஜாடை வாணிப் பாப்பாவாட்டம் இல்லீங்க. நம்ம பக்கம் ஒண்ணுமே இல்லீங்க. கண்ணு, நெறம், சிரிப்பு, அப்படியே அவங்கப்பாதானுங்க." கடைசியைச் சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பது போல ஃபைலைக் குனிந்து பார்த்தாள்.

தெய்வசிகாமணி பதினோரு வருசமாக வைத்திருந்த வாணியின் முகத்தை எடுத்து வைத்துவிட்டு இன்னொரு முகத்தை அந்த அட்மிஷன் வரிசையில் நிறுத்த வேண்டியிருந்தது. அவர் பயந்த அளவுக்கு அதற்கு நேரம் பிடிக்கவில்லை.

"அவனுக்கென்னம்மா" என்றார், "லட்சணமான பையன்தான."